லே வரை தனியாக: வண்டியை எப்படித் தயார் செய்வது

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் நான் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். வைத்திருப்பது ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், பழைய 411 சிசி வண்டி. அதில்தான் லடாக் போய்வருவேன், எப்போதும் தனியாக. இது தெரிந்த ஊர்ப் பையன்கள் கிளம்பும் முன் வந்து கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணே, வண்டியில என்னென்ன மாட்டணும்?" ஃபாக் லைட், உயரமான கண்ணாடி, பெரிய பெட்டி என்று ஒரு பட்டியலும் கையில் இருக்கும். நான் திருப்பிக் கேட்பது: "பின் சக்கரத்தை நீயே கழற்றி மாட்டியிருக்கியா?"

மில்லில் ஒரு ஸ்பின்னிங் மெஷினை ஓவர்ஹால் செய்து ஓடவிட்டால், முதல் சில நாட்கள் அதை விட்டு நகர மாட்டோம். புதிதாகப் போட்ட பேரிங், புதிதாக முறுக்கிய போல்ட், மாற்றிய பெல்ட் எதுவாக இருந்தாலும், தவறாக மாட்டியிருந்தால் அப்போதே காட்டிவிடும். அந்தக் கட்டம் தாண்டினால் அப்புறம் நெடுநாள் பிரச்சினை இல்லாமல் ஓடும். பைக்கும் அப்படித்தான். பெரும்பாலானவர்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் வண்டியை சர்வீஸ் விட்டு, எல்லாம் புதிதாக இருக்கிறது என்ற தைரியத்தில் போகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடே இல்லை. புதிதாகப் போட்ட எந்தப் பாகமும் குறைந்தது 1,000 கிமீ நம் ஊர்ப் பக்கமே ஓடியிருக்க வேண்டும். கடைசி இரண்டு வாரம் ஸ்பானரை எடுக்கவே கூடாது. தனியாகப் போகிறவருக்குப் பழகின வண்டிதான் துணை.

அதனால் வேலையை இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். மணாலி–லே சாலை பனி அகற்றிய பிறகுதான் திறக்கும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரைதான் நம்பிப் போகலாம். ஜூலையில் கிளம்புவதாக இருந்தால் மே மாதத்திலேயே வண்டி பிரிந்து கிடக்க வேண்டும்.

சாலையையும் கொஞ்சம் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மதுரையில் தேசிய நெடுஞ்சாலை 44-இல் ஏறினால் சேலம், ஓசூர், பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா, டெல்லி, ஜம்மு என்று ஸ்ரீநகர் வரை ஒரே சாலைதான். அங்கிருந்து கார்கில் வழியாக லே போய், மணாலி வழியாகத் திரும்பினால் மொத்தம் 7,000 கிமீக்கு மேல் வரும். இதில் பெரும்பகுதி சமவெளி. வெயில், ஒரே வேகம், நாள் முழுக்க ஓட்டம். மலைப்பகுதி தூரத்தில் குறைவு. ஆனால் குளிர், கல், தண்ணீர், காற்றில்லாத உயரம் எல்லாம் அங்கேதான். செயினும் டயரும் தேய்வது சமவெளியில். கிளட்ச், ஸ்போக்ஸ், பிரேக் அடிவாங்குவது மலையில். இரண்டுக்கும் சேர்த்துத்தான் தயார் செய்ய வேண்டும்.

சக்கரம்

பாதி நேரத்தை இதற்கே ஒதுக்குங்கள். ஹிமாலயன் 411-க்கு ஸ்போக்ஸ் சக்கரம், டியூப் டயர். முன்னால் 90/90-21, பின்னால் 120/90-17. இந்த 21 அங்குல டியூப் வழியில் இருக்கிற பஞ்சர் கடைகளில் பெரும்பாலும் கிடைக்காது. அதனால் முன் டியூப் ஒன்று கட்டாயம் கையில் இருக்க வேண்டும். இடம் இருந்தால் பின் டியூப்பும் ஒன்று. இல்லையென்றால் அவசரத்துக்கு முன் டியூப்பையே பின் சக்கரத்தில் போட்டு மெதுவாக அடுத்த ஊர் சேரலாம். 17 அங்குல டியூப்பை முன்னால் போட்டு ஓட்டுவது அப்படி நடக்காது.

டயர் பாதி தேய்ந்திருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். வீட்டைச் சுற்றி ஓட்டும்போது இன்னும் 5,000 கிமீ வரும் என்று தோன்றும் பின் டயர், சுமையோடு கொதிக்கிற தார்ச்சாலையில் அதற்கு முன்பே வழுக்கையாகிவிடும். கிளம்ப ஒரு மாதம் முன்பு மாற்றினால் டயரின் மேல்பூச்சும் போயிருக்கும், பிடிமானம் எப்படி என்று கைக்கும் தெரிந்திருக்கும்.

டயர் மாற்றும் அதே நாளில் ஸ்போக்ஸையும் பார்த்துவிடலாம். வண்டியை டபுள் ஸ்டாண்டில் போட்டு, சிறிய ஸ்பானரால் ஒவ்வொரு கம்பியாக லேசாகத் தட்டிக்கொண்டே சக்கரத்தைச் சுற்றுங்கள். இறுக்கமான கம்பி 'டிங்' என்று தெளிவாகக் கேட்கும். தளர்ந்தது 'டக்' என்று செத்த சத்தம் கொடுக்கும். ஒன்றிரண்டு தளர்ந்திருந்தால் கோட்டம் எடுக்கத் தெரிந்த ஆளிடம் கொடுத்துச் சரி செய்யுங்கள். எல்லா ஊரிலும் பழைய சைக்கிள் கடைக்காரர் ஒருவர் இருப்பார், இதில் அவர் கைதான் கை. தளர்ந்த ஒரு கம்பியின் பாரம் பக்கத்துக் கம்பிகள் மேல் விழும். அது உடைந்தால் அடுத்தது. மணாலி–லே சாலையில் பாங் என்ற இடத்துப் பக்கம் வருகிற கற்சாலையில் அதைத் தொடங்கவிடக் கூடாது.

சரி, இப்போது பஞ்சர். இதை வீட்டு வாசலில் உங்கள் கையாலேயே ஒருமுறையாவது முழுக்கச் செய்து பார்க்காமல் கிளம்பாதீர்கள். எடுத்துப்போகிற கருவிகளை மட்டும் வைத்துச் செய்ய வேண்டும். அப்போதுதான் அச்சு நட்டின் ஸ்பானர் கிட்டில் இருக்கிறதா, அதன் பிடி போதிய நீளமா என்பதெல்லாம் தெரியவரும். கடையில் ஏர் கன்னால் முறுக்கி விட்டிருந்தால் சின்ன ஸ்பானருக்கு அந்த நட்டு அசையவே அசையாது. அப்படி இருந்தால் இப்போதே தளர்த்தி, மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, கை ஸ்பானரால் திரும்ப இறுக்கி வையுங்கள்.

பின் சக்கரம் கழன்றதும் பிரேக் பேடுகளுக்கு நடுவே ஒரு சிறிய மரத்துண்டோ மடித்த அட்டையோ செருகிவிடுங்கள். தெரியாமல் மிதி அழுந்திவிட்டால் பேடுகள் ஒட்டிக்கொண்டு டிஸ்க் உள்ளே போகாது. ஏபிஎஸ் சென்சார் ஒயரையும் இழுத்துவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வால்வு ஊசியைக் கழற்றி முழுக் காற்றையும் விட்டபின், டயரின் ஓரத்தைக் குதிகாலால் ரிம்மை விட்டு இறங்கும்வரை மிதிக்க வேண்டும். இறங்க அடம்பிடித்தால் இரும்புக் கடையில் கிடைக்கிற சி-கிளாம்ப் ஒன்று போதும். டயர் லிவர் போடும்போது எல்லோரும் சிரமப்படுவது ஒரே இடத்தில்தான். லிவருக்கு நேர் எதிர்ப்பக்கம் டயரின் ஓரம் ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறங்கியிருக்க வேண்டும். முழங்காலால் அந்தப் பக்கத்தை அமுக்கிக்கொண்டு லிவரை நெம்பினால் சோப்புத் தண்ணீர் கூட வேண்டாம். அது இறங்காமல் எவ்வளவு பலம் போட்டாலும் டியூப்தான் கிழியும்.

டியூப்பை உருவியபின் டயரின் உள்பக்கம் முழுக்க விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். ஆணி வெளியே தெரியாமல் உள்ளே முனை நீட்டிக்கொண்டிருக்கும். அதை விட்டுவிட்டுப் புது டியூப் போட்டால் பத்து கிலோமீட்டரில் திரும்பவும் அதே வேலைதான். ஸ்போக்ஸ் முனைகளை மூடியிருக்கிற ரிம் டேப் விலகியிருக்கிறதா என்றும் பாருங்கள். புது டியூப்பில் டால்கம் பவுடர் தூவி, வடிவம் வரும் அளவுக்குக் கொஞ்சம் காற்று அடித்து உள்ளே விடுங்கள். வால்வின் அடியில் இருக்கிற நட்டை ரிம்மோடு சேர்த்து இறுக்கக் கூடாது. மேலே மூடியோடு சேர்த்து முறுக்கி விடுங்கள். டயர் ரிம்மில் நழுவி டியூப்பையும் இழுத்தால் வால்வு சாய்ந்து நிற்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். நட்டு இறுகியிருந்தால் சாயாது, வேரோடு அறுந்துவிடும். அறுந்த வால்வுக்கு ஒட்டுப் போட முடியாது.

காற்றடிக்க பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரெசர் நல்லது. கூடவே ஒரு கைப்பம்பும் வைத்துக்கொள்ளுங்கள். அளவு மானி உங்கள் சொந்த மானியாக இருக்கட்டும், இரண்டு பஞ்சர் கடை மானிகள் ஒரே எண்ணைக் காட்டி நான் பார்த்ததில்லை.

செயின்

சமவெளியில் தினமும் 500, 600 கிமீ ஓட்டும்போது முதலில் அலுத்துப்போவது செயின். தேய்ந்ததா என்று பார்க்க, பின் ஸ்பிராக்கெட்டின் பின்கோடியில் செயினைப் பிடித்து வெளியே இழுங்கள். பல்லின் பாதி உயரம் வெளியே தெரிந்தால் ஆயுள் முடிந்தது. செயினை மட்டும் மாற்றாமல் இரண்டு ஸ்பிராக்கெட்டோடும் செட்டாக மாற்றுங்கள். புதுச் செயினைப் பழைய பற்கள் சீக்கிரம் தின்றுவிடும்.

தளர்ச்சியை ஒரே இடத்தில் பார்த்து முடிக்காதீர்கள். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி ஏழெட்டு இடத்தில் பாருங்கள். எங்கே அதிகம் இறுகுகிறதோ அந்த இடத்தில் வைத்துத்தான் மேனுவலில் இருக்கிற அளவைக் கொண்டுவர வேண்டும். சாமான் ஏற்றினால் செயின் இன்னும் இறுகும் என்பதையும் மறக்க வேண்டாம். மண்ணெண்ணெய் அல்லது டீசல் தொட்ட பிரஷ்ஷால் துடைத்து, 90 நம்பர் கியர் ஆயிலை உள்பக்கமாகப் போட்டு, துணியால் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். பெட்ரோல் வேண்டாம், உள்ளே இருக்கிற ரப்பர் வளையங்களைக் கெடுத்துவிடும். 500 கிமீக்கு ஒருமுறை, மழையில் நனைந்தால் அன்று மாலையே. வண்டி சூடாக இருக்கும்போதே, அறைக்குள் போவதற்கு முன் செய்துவிட்டால் இரவு முழுக்க எண்ணெய் உள்ளே இறங்கும்.

உயரத்தில் ஏற வேண்டும் என்று முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைத்துப் போடச் சொல்வார்கள். ஹிமாலயனுக்குத் தேவையில்லை. ஒருசில நாள் ஏற்றத்துக்காக மற்ற நாளெல்லாம் எஞ்சினைக் கத்தவிட்டுக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

கிளட்ச்

லடாக்கில் நின்றுபோன வண்டிகளை விசாரித்தால் திரும்பத் திரும்பக் கேட்கிற வார்த்தை "கிளட்ச் போச்சு". அதன் காரணம் காற்றில் இருக்கிறது. மணாலி சாலையில் தங்லங் லா 5,328 மீட்டர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். எஞ்சின் இழுக்கிற காற்று பாதியானால் பலமும் பாதியாகிறது. 24 குதிரைத்திறன் வண்டி அங்கே 12, 13-இல் ஏறுகிறது. சுமையோடு ஏற்றத்தில் திணறும்போது, பழக்கதோஷத்தில் அரைக்கிளட்ச் பிடித்து எஞ்சினைக் கத்தவிடுவோம். அதே சாலையில் மணாலி பக்கமிருந்து ஏறினால் காட்டா லூப்ஸில் 21 வளைவு. ஒவ்வொன்றிலும் அப்படிச் செய்தால் பிளேட் கருகாமல் என்ன செய்யும்? முதல் கியருக்கு முன்கூட்டியே இறங்கி, கிளட்சை முழுசாக விட்டு, எஞ்சினைத் தன் போக்கில் இழுக்கவிட வேண்டும்.

தயாரிப்பு என்று வந்தால், கிளட்ச் லிவரின் தளர்ச்சி (ஃப்ரீ பிளே) மேனுவல் சொல்லும் அளவில் இருக்கட்டும். நாலாவது கியரில் மேட்டில் போகும்போது திடீரென்று ஆக்சிலேட்டரைத் திருகுங்கள். சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் பிளேட் நழுவுகிறது. மாற்றிவிட்டே போங்கள்.

கேபிளுக்கு ஒரு வழி சொல்கிறேன். புதுக் கிளட்ச் கேபிளைப் பையில் சுருட்டி வைக்காதீர்கள். பழைய கேபிள் போகும் பாதையிலேயே, அதன் கூடவே ஓட்டி, கேபிள் டையால் கட்டி, இரண்டு முனைகளிலும் தண்ணீர் போகாமல் டேப் சுற்றி விடுங்கள். ஆக்சிலேட்டர் கேபிளுக்கும் அப்படியே. வழியில் அறுந்தால் டேங்கைக் கழற்ற வேண்டாம். பழைய முனையை எடுத்துப் புது முனையை மாட்டினால் கிளம்பிவிடலாம். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, எங்கேயும் இழுபடவில்லை என்று பார்த்துக் கட்டுங்கள்.

பிரேக்கும் மற்றவையும்

பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு மேல் பழையதாக இருந்தால் மாற்றுங்கள். டாட் 4 ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்த ஆயில் நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கொதித்தால் லிவர் காற்றைப் பிடித்த மாதிரி உள்ளே போய்விடும். பேடு பாதிக்குக் கீழே இருந்தால் புதிது போட்டு, கழற்றியதை உபரியாக எடுத்துப் போங்கள்.

எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிளக், வால்வு கிளியரன்ஸ் எல்லாம் ஒரே சர்வீஸில் முடிந்துவிடும். கம்பெனி சொல்கிற 15டபிள்யூ50 ஆயிலே போதும். 411-இல் ஆயில் அளவு பார்க்க வலது பக்கம் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. டபுள் ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, எஞ்சின் ஓடி நின்று சில நிமிடம் கழித்துப் பாருங்கள். ஹேண்டில் நடுவில் வந்து 'கிளிக்' என்று உட்கார்ந்தால் கோன் செட் (ஹேண்டில் கழுத்து பேரிங்) போய்விட்டது. இரண்டு சக்கர பேரிங், முன் ஃபோர்க் ஆயில் சீல், பின் சக்கர டிரம் ரப்பர் இவற்றையும் அப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள். பேட்டரி நாலு வருடம் ஆனதென்றால் மாற்றிவிடுங்கள், மணாலி சாலையில் இருக்கிற சார்ச்சுவின் காலைக் குளிர் பலவீனமான பேட்டரியை மன்னிக்காது. கார்புரேட்டர் வண்டியில் போகிறவர்கள் உயரத்தில் பெட்ரோல் கூடிப்போய்க் கறுப்புப் புகை தள்ளுவதைப் பார்ப்பீர்கள். அதற்குச் சின்ன மெயின் ஜெட் ஒன்றை வாங்கி, மாற்றவும் பழகிக்கொள்ளுங்கள். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு அந்த வேலை இல்லை.

ஃபாக் லைட் போடுவதாக இருந்தால் ரிலேயும் தனி ஃபியூஸும் வைத்துப் போடுங்கள். மெயின் ஒயரை வெட்டி முறுக்கி டேப் ஒட்டுகிற வேலையை யார் செய்தாலும் அனுமதிக்காதீர்கள். லைட் எரியாவிட்டால் பகலில் ஓட்டிக்கொள்ளலாம். அந்த ஒட்டு உரசி ஷார்ட் ஆனால் வண்டியே நிற்கும்.

எல்லாம் முறுக்கி முடித்தபின் மில்லில் செய்கிற ஒன்றைச் செய்யுங்கள். முக்கியமான ஒவ்வொரு நட்டிலும், நட்டின் மேலிருந்து பக்கத்து உடம்பு வரை வெள்ளை பெயின்டால் ஒரு மெல்லிய கோடு இழுத்து விடுங்கள். எஞ்சின் மவுண்ட், ஹேண்டில் கிளாம்ப், கேரியர், ஃபுட்ரெஸ்ட், சைலன்சர், காலிப்பர் எல்லாவற்றிலும். நெயில் பாலிஷ் கூடப் போதும். தினமும் காலையில் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தால், எந்தக் கோடு உடைந்திருக்கிறதோ அந்த நட்டு தளர்ந்திருக்கிறது. ஸ்பானரே வேண்டாம், கண் போதும். ஹிமாலயப் பாதையில் நான் இதைப் போல நம்புகிற வேலை வேறு இல்லை.

பெட்ரோல் கணக்கு

மணாலியிலிருந்து போனால் தாந்தி பங்க்கில் ஒரு பலகை இருக்கும்: அடுத்த பங்க் 365 கிமீ. அதாவது கிட்டத்தட்ட லே வரை. 411-இன் டேங்க் 15 லிட்டர். சமவெளியில் லிட்டருக்கு 30 கிமீ கொடுத்தால் 450 வரை வர வேண்டும். ஆனால் மலையில் முதல், இரண்டாம் கியரிலேயே பாதி நேரம் போகும். 25 என்று வைத்துக்கொண்டால் 375 கிமீதான், மிச்சம் பத்தே கிலோமீட்டர். அதனால் 5 லிட்டர் கேன் ஒன்று கட்டாயம். தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் எடுத்துப்போக வேண்டாம், எரிபொருளுக்கென்று செய்த கேனையே வாங்குங்கள். உயரத்தில் கேன் உப்பிக்கொள்ளும். எஞ்சின் ஆறியபின் மூடியை மெல்லத் திறந்து காற்றை விட்டு அப்புறம் ஊற்றுங்கள்.

சிப்ஸ் பாக்கெட் உப்புகிற அதே காரணத்தால் டயர் மானியும் மேலே போனதும் கூடுதலாகக் காட்டும். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதுதான் விஷயம். குளிரில் உள்காற்று சுருங்குவதால் மொத்தத்தில் சில பிஎஸ்ஐ வித்தியாசம்தான் வரும். லேயில் ஒருமுறை குளிர்ந்த டயரில் பார்த்து, மேனுவல் அளவுக்குச் சரி செய்துகொண்டால் போதும்.

சாமானும் ஒத்திகையும்

கனமானது கீழே, முன்னால். மெல்லியது மேலே, பின்னால். கருவிகள், உபரி பாகங்கள், ஒரு லிட்டர் எஞ்சின் ஆயில் எல்லாம் இரண்டு பக்கப் பைகளின் அடியில், சீட்டை ஒட்டி. இரண்டு பைகளையும் கைத்தராசில் தூக்கி எடை பாருங்கள். ஒன்றுக்கொன்று ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். பின்னால் உயரமாக அடுக்கினால் முன் சக்கரம் லேசாகி, மணலில் ஹேண்டில் பேச்சைக் கேட்காது.

உபரியில் நான் விடாமல் எடுப்பவை: கிளட்ச், பிரேக் லிவர்கள், ஃபியூஸ், பிளக், செயின் லாக், டியூப், ஒட்டுப் பெட்டி, கட்டுக்கம்பி, கேபிள் டை, இன்சுலேஷன் டேப், எம்-சீல், நாலு அளவு நட்டு போல்ட். எம்-சீலை அலட்சியம் செய்ய வேண்டாம். கல் அடித்து எஞ்சின் கவரில் விரிசல் விட்டு ஆயில் கசிந்தால், துடைத்து, உலரவிட்டு, இதை அப்பினால் லே வரை கொண்டுபோய்ச் சேர்க்கும்.

எல்லாம் கட்டியபின் அப்படியே வால்பாறைக்கு ஒரு நடை போய் வாருங்கள். ஆழியாறிலிருந்து ஏறும்போது 40 கொண்டை ஊசி வளைவு. முழுச் சுமையோடு வண்டி எப்படிச் சாய்கிறது, இறக்கத்தில் கியரிலேயே வேகம் கட்டுப்படுகிறதா, எந்தக் கட்டு தளர்கிறது, எந்தப் பை சைலன்சரில் உரசுகிறது என்று எல்லாம் ஒரே நாளில் தெரிந்துவிடும். இரவு அங்கேயே தங்கி, இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் பையைத் திறந்து டயர் லிவரை எடுத்துப் பாருங்கள். தேடினால் அடுக்கிய முறை சரியில்லை.

தனியாகப் போகிறவர் விழுந்த வண்டியைத் தானே தூக்கியாக வேண்டும். சாமான் இல்லாமலே 200 கிலோவை ஒட்டிய வண்டி. கைகளால் இழுத்தால் இடுப்புதான் போகும். முதலில் சாவியை அணைத்து, முதல் கியர் போடுங்கள். வலது பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்கூட்டியே இறக்கி விடுங்கள், இல்லாவிட்டால் தூக்கின வேகத்தில் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். ஹேண்டிலை, விழுந்த பக்கமாக முழுக்கத் திருப்புங்கள். வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பின்புறத்தைச் சீட்டில் வைத்து, ஒரு கையில் ஹேண்டில் பிடி, மறு கையில் பின் கம்பி. முதுகை வளைக்காமல் கால்களால் பின்னோக்கிச் சிறுசிறு அடியாக நடந்தால் வண்டி எழுந்து வரும். கண்மாய்க்கரைப் புல்லில் மெல்லச் சாய்த்துப் பழகுங்கள். 4,500 மீட்டரில் இதைச் செய்தால் மூச்சு வாங்கும். சாமான்களை அவிழ்த்து வைத்துவிட்டு, நிதானமாக மூச்சுவிட்டு, அப்புறம் தூக்குங்கள். யாரும் துரத்தவில்லை.

நீரோடைகளைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். வெயில் ஏற ஏற பனி உருகி மதியத்துக்குமேல் தண்ணீர் கூடும். கடந்ததும் இரண்டு பிரேக்கையும் லேசாகப் பிடித்துப் பிடித்து டிஸ்க்கை உலர்த்துங்கள்.

காகிதமும் போனும்

ஆர்சி உங்கள் பெயரில் இருக்கட்டும். லடாக்குக்கு வெளியே வாடகைக்கு எடுத்த வண்டிகளை நுப்ரா, பாங்காங் பக்கம் உள்ளூர்க்காரர்கள் விடுவதில்லை. நண்பர் பெயரில் இருக்கிற வண்டிக்கும் கேள்வி வரும். ஆர்சி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ், லைசென்ஸ் நான்கையும் போனில் வைத்திருந்தாலும், நெட் இல்லாத செக்போஸ்ட்டுக்காகக் காகிதத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸும் புகைச் சான்றிதழும் திரும்பி வரும் நாள்வரை செல்லுமா என்று தேதி பாருங்கள்.

நம் ஊர் பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டுதான். மாற்றச் சில நாள் ஆகும் என்பதால் முதல் மாதமே மாற்றிவிடுங்கள். வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள். வீட்டில் ஒரு தாளில் வண்டி எண், இன்ஷூரன்ஸ் எண், இரத்த வகை, ஒவ்வொரு நாளும் எங்கே தங்குவதாகத் திட்டம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மணாலி பக்கம் வரும்போது கேலாங்குக்கும் உப்ஷிக்கும் நடுவே இரண்டு நாள் போன் வராவிட்டால் பயப்பட வேண்டாம் என்றும், மூன்றாவது நாளும் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்றும் அதிலேயே எழுதி வையுங்கள்.